ட்ரோனுக்குள் இருப்பது இலவச மென்பொருளாம். அப்புறம் எனக்கு ஏன் பூட்டு?

பாமணியாற்றுக்காரன் எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஊர். மூன்று வருஷமாக வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். ஆறு கை, பத்து லிட்டர் டேங்க். ஏக்கருக்கு 600 ரூபாய் வாங்குகிறேன், மருந்து வயல்காரர் பொறுப்பு. எங்கள் ஊரில் இன்னும் மாக்கணக்குதான். மூன்று மா ஒரு ஏக்கர் என்று நான் மனசுக்குள் வகுத்துக்கொண்டு ரிமோட்டைப் பார்த்தால் அது ஹெக்டேரில் காட்டும். அந்தச் சண்டை தனி.

போன மாதம் ஒரு வயலில் கடைசிச் சுற்றில் திரும்பும்போது தென்னை மட்டையில் இடித்து, வண்டி சேற்றில் விழுந்தது. ஒரு கை முறிந்தது, ஒரு மோட்டார் போனது, ஜிபிஎஸ் நிற்கும் குச்சி சாய்ந்தது. வாங்கிய கம்பெனிக்குப் போன் போட்டேன். முதல் வாரம் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் வாரம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் கையும் மோட்டாரும் வாங்கி நானே மாட்டினேன். திருகாணி முதல் வயர் வரை பழையபடியே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கிளப்பப் போனால் ரிமோட் திரையில் ஒரே வரி: “பழுது. சேவை மையத்தை அணுகவும்.” என்ன பழுது, எங்கே பழுது, ஒன்றும் கிடையாது. அணுகுவதற்கு மையமும் கிடையாது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, உள்ளே வண்டியை ஓட்டுவது ஆர்டுபைலட் என்ற மென்பொருள். இது கம்பெனி எழுதியதே இல்லை, யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளலாம்” என்கிறான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்தரை லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஊரான் எழுதி இலவசமாகக் கொடுத்ததை எடுத்து, அதற்கு மேல் ஒரு பூட்டைப் போட்டு எனக்கு விற்றார்களா? அது சட்டப்படி சரியா? நானே அதைத் திறந்தால் வண்டியின் சான்றிதழும் இன்ஷூரன்சும் போய்விடுமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும், இது மெஷின் சம்பந்தப்பட்டது இல்லை. எங்கள் தெருவில் மூன்று பேர் பவர் ஸ்பிரேயரை முதுகில் சுமந்து மருந்து அடித்துப் பிழைத்தார்கள். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. நான் ட்ரோன் வாங்கிய முதல் சம்பாவிலேயே அவர்களைக் கூப்பிடுவது பாதியாகிவிட்டது. ஒருவர் திருப்பூர் போய்விட்டார், ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார். மூன்றாமவரை நான் உதவிக்கு வைத்திருக்கிறேன்: மருந்து கலப்பது, பேட்டரி மாற்றுவது, வரப்பில் நின்று கம்பியைப் பார்த்துச் சத்தம் போடுவது. நாளுக்கு 600. இப்போது வண்டி படுத்துவிட்டதால் அவருக்கும் சேர்த்து வேலை இல்லை. நேற்று வந்து, “தம்பி, பழைய ஸ்பிரேயரை எடுத்துத் துடைச்சு வச்சிருக்கேன், தப்பா நினைக்காதே” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஓசியில் கிடைத்த மென்பொருளில் பிழைப்பவன் நான் என்று தெரிந்தபிறகு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

வேகத்தடை:

ரொம்ப யோசிக்காதீங்க பிரதர். யூஎஸ்பி போட்டு, கம்ப்யூட்டரில் ட்ரோன் செட்டிங் பார்க்கிற மிஷன் பிளானர் மென்பொருளில் திறந்து ‘ஆர்மிங் செக்’ என்று ஒரு மதிப்பு இருக்கும், அதை 0 ஆக்குங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நடக்கிற சோதனை அனேகமா எல்லாம் போயிடும், ஜம்முனு கிளம்பும். நான் அப்படித்தான் ஓட்டறேன்.

எட்டாவது_பிட்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள் அண்ணே. அந்தச் சோதனைகள்தான் வண்டி தப்பான நிலையில் கிளம்பாமல் பிடித்து வைப்பவை. நிறைத்த டேங்கோடு இருபது கிலோவுக்கு மேல் உள்ள ஒரு பொருள், திசை தெரியாமல் வட்டமடித்துக்கொண்டே அகலமாகிப் போகும். எங்கள் வட்டாரத்தில் அதற்கு ‘டாய்லெட் பவுலிங்’ என்று பெயர். பெயர் சிரிப்பாக இருக்கும், வரப்பில் நிற்பவருக்குச் சிரிப்பு வராது.

நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் ஆர்டுபைலட்டில் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்புவதுண்டு. உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஆர்டுபைலட் வெறும் ‘இலவசம்’ இல்லை, கட்டற்ற மென்பொருள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. அதை விற்கலாம், மாற்றலாம், காசு பார்க்கலாம், தப்பே இல்லை. ஒரு நிபந்தனைதான்: யாருக்கு விற்றாயோ அவர் கேட்டால், ஓடுகிற அதே பதிப்பின் மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, கொடுக்கவேண்டும். எழுத்தில் உறுதி தருவதாக இருந்தால் அது குறைந்தது மூன்று வருஷம் செல்லவேண்டும், அந்த மாடலுக்கு உதிரிபாகம் விற்கும்வரையும் செல்லவேண்டும். ஆகவே உங்கள் கம்பெனி நிரலில் கை வைத்திருந்தால், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு ஜான் டியர் நிறுவனத்திடம், “உங்கள் டிராக்டருக்குள் இருக்கும் ஜிபிஎல் நிரலுக்கான மூலத்தை விவசாயிகளுக்குக் கொடுங்கள்” என்று பகிரங்கமாகக் கேட்டதே, அதே கதைதான் இது, உங்கள் வரப்பில்.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. மூலநிரலோடு, மாற்றியதைத் திரும்பக் கருவியில் ஏற்றும் வழியையும் கொடுக்கவேண்டும் என்று அந்த உரிமத்தில் ஒரு விதி உண்டு. அது ‘யூசர் ப்ராடக்ட்’ எனப்படும் வீட்டு உபயோகப் பொருளுக்கு மட்டும். வயலுக்கு மருந்து அடிக்கும் இயந்திரம் அந்த வரையறைக்குள் வருமா என்று வக்கீல்கள் நாள் முழுக்கச் சண்டை போடலாம். இரண்டாவது, உங்கள் ரிமோட்டில் இருக்கும் செயலி. அது கியூகிரவுண்ட்கன்ட்ரோல் என்ற இன்னொரு கட்டற்ற செயலியை வைத்துச் செய்ததாக இருந்தால், அது ஜிபிஎல், அப்பாச்சி என்று இரண்டு உரிமங்களில் கிடைக்கிறது. அப்பாச்சியில் எடுத்தால் மூலநிரலைத் தராமலே விற்கலாம், யாரும் கேட்க முடியாது. என் கணிப்பு என்னவென்றால், பூட்டு வண்டியில் இல்லை, செயலியில்தான் இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை என்ன பழுது என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும். செயலி அதை விழுங்கிவிட்டு ‘சேவை மையம்’ என்று காட்டுகிறது.

சோதித்துப் பாருங்கள். முதலில் ஆறு இறக்கைகளையும் கழற்றி வையுங்கள், இதில் சமரசம் வேண்டாம். யூஎஸ்பி வயரில் மடிக்கணினியோடு இணைத்து, மிஷன் பிளானரில் ‘மெசேஜஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே வருவதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

சான்றிதழ் விஷயம்: டைப் சர்ட்டிஃபிகேட் ஒரு குறிப்பிட்ட வடிவமைப்புக்குக் கொடுத்தது. பலகையில் வேறு ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) ஏற்றினால் அது சான்றிதழ் பெற்ற வடிவமைப்பு இல்லை, இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார். பழுதுச் செய்தியைப் படிப்பது அப்படி இல்லை. காரின் பானெட்டைத் திறந்து பார்ப்பது மாதிரி.

கல்லணைக்கால்வாய்:

கூலிக்கு மருந்து அடித்தவர்களைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நான் வருகிறேன்.

எங்கள் அப்பா முப்பது வருஷம் மருந்து அடித்தவர். கால்சட்டை, பழைய சட்டை, வாயில் துண்டு. அவ்வளவுதான் பாதுகாப்பு. மாலையில் வந்தால் கண் சிவந்திருக்கும், குளிக்கும்வரை எங்களைத் தொட விடமாட்டார். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், பத்துப் பதினைந்து தடவை டேங்கை நிரப்பி முதுகில் ஏற்றவேண்டும். அந்த வேலை ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அதைப் பாரம்பரியம் மாதிரிப் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

ஆனால் ஒன்று. அப்பா அடித்த காலத்தில் தெருவுக்கு வந்த கூலி இப்போது எங்கே போகிறது? கொஞ்சம் உங்களுக்கு, கொஞ்சம் பேட்டரிக்காரனுக்கு, கொஞ்சம் வங்கி வட்டிக்கு. மென்பொருள் இலவசம், ட்ரோன் இலவசம் இல்லை. நிலமும் கடன் வாங்கும் தகுதியும் இருந்தவர் வாங்கினார். இதில் நிரல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது என் அப்பா மாதிரி ஆளுக்கு எந்த வித்தியாசமும் செய்யாது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உதவியாளர் என்று வைத்திருக்கிறீர்களே, அவருக்கு ரிமோட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்களா?

பாமணியாற்றுக்காரன்:

கல்லணைக்கால்வாய், சுருக்கென்று தைத்தது. கற்றுக்கொடுக்கவில்லை. ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்கான பயிற்சிக்குப் பத்தாம் வகுப்பு முடித்திருக்கவேண்டும், அவர் ஆறாவதோடு நின்றவர். அது ஒரு காரணம். நான் யோசிக்கவே இல்லை என்பது இன்னொரு காரணம்.

எட்டாவது_பிட், நீங்கள் சொன்னபடி இறக்கையெல்லாம் கழற்றி இணைத்தேன். அக்கா மகன்தான் படித்தான். சிவப்பில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: “ப்ரீஆர்ம்: காம்பஸஸ் இன்கன்சிஸ்டென்ட்”. வேறு எந்தக் குறையும் காட்டவில்லை. ஒரு மாதமாக நான் தேடிய பதில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கோபப்படுவதா சிரிப்பதா?

ஒரு சந்தேகம். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறீர்கள், பகலில் நான் அதில் சம்பாதிக்கிறேன். உங்களுக்கு யார் தருகிறார்கள்?

எட்டாவது_பிட்:

பெரும்பாலும் யாரும் இல்லை. என் சம்பளம் வேறு வேலையில் வருகிறது. ஆர்டுபைலட்டுக்குச் சில வன்பொருள் நிறுவனங்கள் பங்காளியாக இருந்து பணம் தருகின்றன, முழுநேரம் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஆனால் உங்களுக்கு விற்ற கம்பெனி மாதிரி ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டு போவார்கள், ஒரு நன்றி மின்னஞ்சல்கூட வராது. 2024-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: பரவலாகப் பயன்படும் திறந்த மூல நிரல்களை ஒருமுறை எழுதி முடிக்க ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். அது இல்லாமல்போய் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத்தானே எழுதிக்கொள்ளவேண்டும் என்றால் 8.8 லட்சம் கோடி டாலர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள். அதே வருஷம் மார்ச்சில், உலகத்துச் சர்வர்கள் பலவற்றில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவிக்குள் ஒருவர் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்தது அம்பலமானது. அதைப் பராமரித்தவர் சோர்ந்துபோயிருந்த ஒற்றை ஆள். உதவுகிறேன் என்று இரண்டு வருஷம் கூடவே இருந்து நம்பிக்கை சம்பாதித்து வைத்த பின்வாசல் அது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று நோண்டியதால்தான் பிடிபட்டது.

நான் ஏன் எழுதுகிறேன் என்றால், 2014-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு போட்டியைப் பற்றிப் படித்துத்தான் உள்ளே வந்தேன். காட்டில் வழிதவறியவர் என்று ஒரு பொம்மையைப் போட்டுவிடுவார்கள். ஆளில்லா விமானம் தானாகவே தேடிக் கண்டுபிடித்துத் தண்ணீர் பாட்டிலைப் போடவேண்டும். ஆர்டுபைலட்டை வைத்து கான்பெரா குழு அதில் வென்றது. 2025 ஜூனில் ரஷ்ய விமானத் தளங்களை உக்ரைன் தாக்கிய ட்ரோன்களிலும் இதே மென்பொருள் ஓடியதாகச் செய்தி வந்தது. ஆயுதத்துக்காக எழுதமாட்டோம் என்று எங்களுக்குள் ஒரு நடத்தை விதி உண்டு. உரிமத்தில் அப்படித் தடுக்க வழியில்லை. தண்ணீர் பாட்டில், குண்டு, உங்கள் இலைச்சுருட்டுப் புழு மருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே நிரல். அன்றைக்கு ராத்திரி நான் கணினியைத் திறக்கவில்லை.

சரி, உங்கள் பழுது. வண்டிக்கு இரண்டு திசைகாட்டிகள் உண்டு, பலகைக்குள் ஒன்று, ஜிபிஎஸ் வட்டத்துக்குள் ஒன்று. இரண்டும் வேறு வேறு திசையைச் சொல்கின்றன என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். புது மோட்டாருக்குப் போகும் மின்வயர் ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடுகிறதா? காந்தப்புலம் கெட்டிருக்கலாம்.

சிறகு_அக்கா:

குறுக்கே வருகிறேன். வயரை அப்புறம் பாருங்கள் தம்பி. ஜிபிஎஸ் குச்சி சாய்ந்தது என்று முதலிலேயே எழுதியிருந்தீர்களே, திரும்ப நிமிர்த்தி ஒட்டும்போது மேலே இருக்கும் அம்புக்குறி வண்டியின் மூக்கைப் பார்க்கிறதா? எனக்கு இதே கூத்து நடந்தது.

நான் செய்யாறு பக்கம், மகளிர் குழு ட்ரோன். 15,000 குழுக்களுக்கு என்று 2023 கடைசியில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், விலையில் 80 சதவீதம், எட்டு லட்சம் வரை மானியம். பதினைந்து நாள் பயிற்சி. பறக்கவிடச் சொல்லிக்கொடுத்தார்கள், அழகாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்புக்குறியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எலி வயரைக் கடித்ததில் ஜிபிஎஸ்ஸைக் கழற்றி மாட்டினேன், கால் வட்டம் திரும்பியிருந்தது. பன்னிரண்டு நாள் சும்மா நின்றது. சரியாக நாற்றுக்கு மருந்து கேட்கும் நேரம், மூன்று ஊர் கையை விட்டுப் போனது. இந்த வேலையில் நாலு நாள் வண்டி நின்றால் புழு காத்திருக்காது, ஆள் வேறு வழி பார்த்துவிடுவார்கள். பேட்டரி செலவு, லோடு ஆட்டோ வாடகை எல்லாம் நான் தனியாகப் புலம்பவேண்டிய கதை.

இறக்கை மாட்டாமலே பாருங்கள், ஜாக்கிரதை.

பாமணியாற்றுக்காரன்:

அக்கா, கும்பிடுகிறேன். அம்புக்குறி பக்கவாட்டில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது! ஒட்டியது சாட்சாத் நானேதான். கம்பெனியை ஒரு மாதம் திட்டினேன், பழுது என் கையில். அந்த ஒரு வரியை அவர்கள் மறைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன் என்பது வேறு. சோதனையை 0 ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

குச்சியைச் சரியாகத் திருப்பி ஒட்டினேன். எட்டாவது_பிட் தனியாகச் சொல்லித்தந்தபடி, வண்டியைத் தூக்கிச் சுற்றாமல், வடக்கே பார்க்க நிறுத்தி, பெரிய வண்டிகளுக்கான திசைகாட்டி அளவுதிருத்தம் செய்தோம். சிவப்பு வரி போய்விட்டது. நேற்று அறுத்த வயலில் வெறும் தண்ணீரை ஊற்றி மூன்று மீட்டர் உயரத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆடாமல் நின்றது.

இங்கேதான் இன்னொரு விஷயம். என் உதவியாளர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “தம்பி, நீ அடிச்ச வயல்ல பூச்சி வரப்போரத்துலேருந்துதான் திரும்ப வருது.” நான் காற்று, பக்கத்து வயல் என்று ஏதோ சமாதானம் சொல்வேன். நேற்று அறுத்த தாளில் தண்ணீர் விழுந்த இடமும் விழாத இடமும் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆள் அகலத்துக்குக் காய்ந்த பட்டை. அவர் காலால் கோடு போட்டுக் காட்டினார். அக்கா மகன் மதிப்புகளின் பட்டியலைத் திறந்து தேடினான்: தெளிப்பானுக்கு ‘குறைந்தபட்ச வேகம்’ என்று ஒன்று, 100 என்று இருக்கிறது. நொடிக்கு 100 சென்டிமீட்டர், அதாவது ஒரு மீட்டருக்குக் கீழே போனால் பம்ப் நின்றுவிடுமாம். திரும்பும்போது வண்டி தயங்கும், பம்ப் நிற்கும்.

எட்டாவது_பிட்:

நின்ற இடத்தில் மருந்து கொட்டிப் பயிர் கருகக்கூடாது என்பதற்காக வைத்தது அது. பெரிய பண்ணைகளில் திருப்பம் வயலுக்கு வெளியே போய்விடும், தெரியாது. மூன்று மா வயலில் இப்படித் தெரியும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அண்ணே, அந்தப் பட்டையின் அகலத்தை அளந்து, வண்டியின் பதிவுக் கோப்போடு எனக்கு அனுப்ப முடியுமா? ஆர்டுபைலட் திட்டத்தின் இணையப் பக்கத்தில் எழுதிப் போடலாம். கண்டுபிடித்தவர் யார் என்று அவர் பெயரைப் போடவும் ஆசை, அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பாமணியாற்றுக்காரன்:

அளந்தாயிற்று, ஒன்றே முக்கால் முழம், அவர் கையால். கோப்பு அனுப்புகிறேன். பெயர் கேட்டதற்கு, “எதுக்கு, கேஸா?” என்று பயந்துவிட்டார். விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த 100-ஐ நான் இன்னும் தொடவில்லை. சான்றிதழ் விஷயம் தெளிவாகும்வரை வரப்போரப் பட்டையை அவரே பழைய ஸ்பிரேயரில் அடிக்கிறார், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. ஏக்கருக்கு ஒரு டேங்க் ஆகிறது. அதற்கு நாள் கூலியோடு சேர்க்காமல் டேங்குக்கு 60 ரூபாய் தனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி வயலில் ரிமோட்டை அவர் கையில் கொடுத்துப் பார்க்கப்போகிறேன், உயரம் இரண்டு மீட்டருக்குள், டேங்க் காலி. இந்த வாரம் நாலு வயல் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.